ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் எங்கள் டிரைவிங் ஸ்கூல் உரிமையாளர் மதிப்புக்குரிய தங்கப்பன் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் டாக்ஸி ஓட்டுநர் சங்கத் தலைவர் காஜா நஜ்முதீன் பாய் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பங்கஜவல்லி அக்காவின் மகள் முத்தமிழே, நிரவியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் பூவத்திலிருந்தும் அவரவர் வண்டியை அவரவரே ஓட்டிக்கொண்டு வந்திருக்கும் எங்கள் பயிற்றுநர் பங்கஜவல்லியின் மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் கவியா. காலையில் ஸ்கூல் அலுவலகத்தில் இருப்பேன். மாலையில் பெண்களுக்கு வகுப்பு எடுப்பேன். மைக் முன்னால் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. நான்கு பேருக்கு நடுவில் பேசச் சொன்னாலே என் குரல் தொண்டைக்குள் போய்விடும். ஸ்கூலில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் பேச்சாளர் வரிசையில் என்னைக் கடைசியாக வைத்தார்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை நேரம் போதாமல் போனால் என்னை விட்டுவிடலாம் அல்லவா?

நேரம் இருந்துவிட்டது. என்னை மன்னியுங்கள். நான் பேசத்தான் போகிறேன்.

அழுதுவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வந்தேன். ஆனால் இந்த மேடையில் சொல்லப்பட்டதைக் கேட்ட பிறகு எனக்கு அழுகை வரவில்லை.

"பொம்பளையா இருந்தும் ஆம்பளை மாதிரி வண்டி ஓட்டினவங்க" என்று ஒருவர் அக்காவைப் புகழ்ந்தார். "அன்னைக்கு ஸ்டியரிங்ல ஒரு ஆம்பளை இருந்திருந்தா, அஞ்சு நிமிஷம் முன்னால ஆஸ்பத்திரில கொண்டுபோய்ச் சேர்த்திருப்பான்" என்று இன்னொருவர் வருத்தப்பட்டார். அக்கா இறந்த அந்தக் காலைக்குப் பிறகு ஊருக்குள் சுற்றும் பேச்சு இதைவிட மோசம். கற்றுக்கொள்ள வந்த பெண் பாலத்தில் வண்டியைத் தறிகெட்டு ஓட்டினாளாம், அந்தப் பயத்தில்தான் பங்கஜவல்லிக்கு மாரடைப்பு வந்ததாம். வாட்ஸ்அப்பில்கூட வந்தது. என் அப்பா அம்பகரத்தூரில் டீக்கடையில் அதைக் கேட்டுவிட்டு வந்து, "ஏம்மா, நீயும் அந்த வேலைய விட்டுடேன்" என்றார்.

தங்கப்பன் ஐயா பேசும்போது ஒரு அறிவிப்பும் செய்தார். அடுத்த மாதத்திலிருந்து பெண்களுக்குக் கியர் வண்டி வகுப்பு கிடையாது. ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வாங்கி, அதில் அக்காவின் பெயரை எழுதி, பெண்களுக்கு அதில் மட்டும் கற்றுக்கொடுக்கலாம். ஆண்களுக்குத் தெட்சிணாமூர்த்தி அண்ணன் வழக்கம்போலக் கியர் வண்டியில் எடுப்பார். ஐயா நல்ல மனதோடுதான் சொன்னார். கண் கலங்கித்தான் சொன்னார். நீங்களும் கைதட்டினீர்கள்.

நான் கைதட்டவில்லை.

ஐயா, உங்கள் சம்பளத்தில் சாப்பிடுகிறவள் நான். உங்களிடம் நின்று ஒரு லீவு கேட்கக்கூடத் தயங்குகிறவள். ஆனாலும் சொல்கிறேன். அந்த வண்டியில் அக்காவின் பெயரை எழுதாதீர்கள். எந்த வேலையை அவர் உயிரோடு இருக்கும்வரை விடவில்லையோ, அதை மூடிவிட்டு அந்த மூடியின் மேல் அவர் பெயரை எழுதாதீர்கள்!

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர்? தண்ணீர் ஓடுவதற்கே யோசிக்கிற ஊர். மேடு என்றால் பாலம், பள்ளம் என்றால் பாலத்தின் அந்தப் பக்கம். இந்தச் சமதரையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஹேண்ட் பிரேக் என்று ஒன்று வண்டியில் இருப்பதே மறந்துபோகும். வண்டியை நிறுத்துவோம், சாவியை எடுப்போம், இறங்கிப் போய்விடுவோம். கொஞ்சம் சரிவாகத் தெரிந்தால்? டிக்கியைத் திறந்து அரைச் செங்கல்லை எடுத்துச் சக்கரத்தின் கீழே காலால் தள்ளுவோம். கார் வைத்திருக்கும் வீட்டு வாசலில் எல்லாம் ஒரு அரைச் செங்கல் கிடக்கும். இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்க்கலாம்! சிரிக்கிறீர்கள். உங்கள் டிக்கியிலும் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தச் செங்கல்லோடு சண்டை போட்டவர் பங்கஜவல்லி. டாக்ஸி ஸ்டாண்ட் வழியாக நடந்து போகும்போதெல்லாம் காஜா பாயின் வண்டிச் சக்கரத்தைக் குனிந்து பார்ப்பார்.

"என்ன பாய், இன்னமும் கல்லுதானா? கைக்கு எட்டுற இடத்துல பிரேக்கு குடுத்திருக்கான், அது எதுக்காம்?"

"அட போங்க தங்கச்சி. கடலோரத்துல இருந்துக்கிட்டு ஊட்டிப் பாடம் நடத்துறீங்க."

"உங்க ஸ்டாண்டுல உள்ள கல்லையெல்லாம் சேர்த்தா ஒரு சுவரே கட்டிடலாம் பாய். கட்டிட்டுச் சொல்லுங்க, பால் காய்ச்ச வர்றேன்."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பாலத்தில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று பாய் நியூட்ரலில் விடுவார். அக்கா விடமாட்டார். "கியர்ல இருந்தா இஞ்சினும் சேர்ந்து வண்டியப் பிடிக்கும். நியூட்ரல்ல போட்டுட்டா பிரேக்கு ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. அதுவும் போச்சுன்னா நேரா ஆறுதான் பாய்" என்பார். "நீங்க வேணா கியரப் போட்டுக்கிட்டு நிதானமா வாங்க, நான் முன்னால போய் டீ சொல்லி வெக்கிறேன்" என்பார் பாய். சிரிப்பு, கிண்டல் எல்லாம் உண்டு. ஆனால் வகுப்பு என்று வந்துவிட்டால் அக்கா எதையும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவரிடம் கற்றவர்களுக்கு ஒரு வாக்கியம் மறக்காது. "காலை வீட்டுக்கு அனுப்பு." மறந்துவிட்டதா? பாருங்கள், பின்வரிசையில் எத்தனை பேர் தலையாட்டுகிறார்கள்! கியர் மாற்றி முடித்ததும் இடது காலைக் கிளட்ச் மேலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் தரையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதுதான் அந்தக் காலின் வீடு. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும். "சும்மா மேல வெச்சுக்கிட்டே இருந்தா என்னாகும்? உள்ள தேஞ்சுக்கிட்டே இருக்கும். வெளியில தெரியாது. ஒருநாள் வெயில்ல நடுரோட்டுல நிக்கும்போது தெரியும்" என்பார்.

அதேபோல இடது கையும். கியர் மாற்றியதும் கை ஸ்டியரிங்குக்குத் திரும்பிவிட வேண்டும். சிலருக்குக் கியர் மேலேயே கை இருக்கும். அக்கா அந்தக் கையைப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "ஏம்மா, அது என்ன, கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ள கையா? புடிச்சது புடிச்சபடி வர்றீங்க?" ஐம்பது வயதுப் பெண்கள் வெட்கப்பட்டுக் கையை எடுப்பார்கள்.

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிளட்ச்சை மிதித்து, கியரை இப்படியும் அப்படியும் ஆட்டி நியூட்ரலா என்று பார்க்க வேண்டும். ரிவர்ஸ் போடுவதற்கு முன் வண்டி முழுக்க நிற்க வேண்டும், கொஞ்சம் உருண்டுகொண்டிருந்தாலும் போடக் கூடாது. இஞ்சின் முனகினால் கியரைக் குறைக்க வேண்டும், ஆக்சிலேட்டரை மிதித்து அதை அடிமாடு மாதிரி விரட்டக் கூடாது. இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். எந்தப் புத்தகத்திலும் இருப்பவை. ஆனால் இவற்றைப் பழக்கமாக மாற்றும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது? அக்காவுக்கு இருந்தது. கோபமே வராத பொறுமை அல்ல. நன்றாகத் திட்டுவார். திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொல்வார்.

பெண்களுக்குக் கியர் எதற்கு, எளிதான வண்டி இருக்கும்போது எதற்கு இந்தக் கஷ்டம் என்று கேட்கிறீர்கள். ஆட்டோமேட்டிக் வண்டி மேல் எனக்குப் பகை இல்லை. வாங்கலாம். ஆண்களுக்கும் அதில் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பெண்களுக்கு அது மட்டும்தான் என்றால், நான் கேட்கிறேன்: நம் ஊரில் எத்தனை வீட்டு வாசலில் ஆட்டோமேட்டிக் வண்டி நிற்கிறது? மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன பழைய கார் நிற்கிறது. அண்ணனின் லோடு வண்டி நிற்கிறது. கிளிஞ்சல்மேட்டுக் காசியம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார். ஐஸ் பெட்டியும் மீனுமாகச் சின்ன யானை லோடு வண்டியை அவரே ஓட்டி வருகிறார். முதல் நாள் மீன் மார்க்கெட் வாசலில் அவர் ரிவர்ஸ் எடுத்தபோது ஆண்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "லெஃப்டுல ஒடி! ரைட்டுல ஒடி!" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். காசியம்மா வண்டியை முழுக்க நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். "வண்டிக்கு ஒரு ஸ்டியரிங்குதான் இருக்கு. நீங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். பிறகுதான் ரிவர்ஸ் போட்டார். அந்த வண்டியில் கியர் இருக்கிறது ஐயா. கியர் தெரியாவிட்டால் அந்த வண்டி காசியம்மாவுக்கு இல்லை. அந்தப் பிழைப்பும் இல்லை.

இப்போது அந்தக் காலையைப் பற்றிச் சொல்லப் போகிறேன். முத்தமிழ், உனக்கு இது கஷ்டமாக இருக்கும். இருந்தாலும் கேள். உன் அம்மா எப்படிப் போனார் என்பதை ஊர் சொல்லிக் கேட்காதே.

அன்று வண்டி ஓட்டியவர் பூவத்திலிருந்து வரும் சொர்ணாம்பாள் அம்மா. அவர் இங்கேதான் இருக்கிறார். எங்கே என்று திரும்பிப் பார்க்காதீர்கள். போதும், இதுவரை பார்த்தது போதும்.

சொர்ணாம்பாள் அம்மா அக்காவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் அக்காவை "வாத்தியாரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அவருடைய கணவர் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவர். காரைக்காலுக்கு அழைத்து வந்து கைகால் பயிற்சி கொடுத்தால் நடப்பார் என்கிறார்கள். பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாசலில் மகன் வாங்கி விட்டுப் போன கார் நிற்கிறது, மேலே உறை, கீழே அரைச் செங்கல். ஓட்டத்தான் ஆள் இல்லை. ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்ச வேண்டும். "இன்னைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு சொல்லுவானுவ வாத்தியாரம்மா. அவரு குளிச்சு சட்ட போட்டுக்கிட்டு வாசலப் பாத்துக்கிட்டே இருப்பாரு. அதப் பாக்க முடியாமத்தான் வந்தேன்." சேர வந்த அன்று அவர் அலுவலகத்தில் சொன்னது இது. நான் அங்கே இருந்தேன்.

முதல் வகுப்பில் நியூட்ரல் பார்க்காமல் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு துள்ளு துள்ளி டீக்கடைப் பலகையை முட்டி நின்றது. சொர்ணாம்பாள் அம்மா கதவைத் திறந்து இறங்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அக்கா பின்னாலேயே போய், "எங்க போறீங்க? பலகைய முட்டுனவங்களுக்குத்தான் அடுத்த வகுப்பு. முட்டாதவங்களுக்கு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். அன்றிலிருந்து சொர்ணாம்பாள் அம்மா நியூட்ரல் பார்க்காமல் சாவியைத் தொட்டதில்லை.

அன்று காலை நிரவிப் பக்கம் போய்விட்டு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அரசலாற்றுப் பாலத்து ஏற்றத்தில் முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது. பின்னால் ஒரு மொபெட். அதில் ஒரு பெண்ணும், ஸ்கூல் பையோடு ஒரு குழந்தையும்.

ஏற்றத்தில் நிற்க வேண்டி வந்தால் நாம் எல்லோரும் என்ன செய்கிறோம்? கிளட்ச்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் வண்டியை ஆட்டிக்கொண்டே நிற்கிறோம். அதைப் பெரிய திறமை என்று வேறு நினைக்கிறோம். அக்கா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. நின்றால் ஹேண்ட் பிரேக். நியூட்ரல். காலை வீட்டுக்கு அனுப்பு. கிளம்பும்போது கிளட்ச்சை மிதி, ஃபர்ஸ்ட் கியர் போடு, கிளட்ச்சை மெதுவாக விடு, வண்டி முன்னால் இழுக்கிறது என்று தெரிந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை எடு.

சொர்ணாம்பாள் அம்மா அதைத்தான் செய்தார். பஸ் கிளம்பியது. அவர் ஃபர்ஸ்ட் கியர் போட்டார். கிளட்ச்சை விட ஆரம்பித்தார். அப்போது அவர் காலுக்குக் கீழே கிளட்ச் தானாக அமுங்கியது.

பயிற்சி வண்டியில் பயிற்றுநர் பக்கமும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருக்கும். அந்தப் பக்கம் மிதித்தால் இந்தப் பக்கமும் இறங்கும். "வாத்தியாரம்மாதான் மிதிச்சுட்டாங்க, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன் கவியா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். திட்டு வரும் என்று காத்திருந்தாராம். திட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்காவின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. அவர் கால் தளர்ந்து கிளட்ச் மேல் விழுந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஏற்றம். கிளட்ச் முழுக்க அமுங்கியிருக்கிறது. இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. பின்னால் மொபெட்டில் ஒரு குழந்தை. நாம் எல்லோரும் நிற்கிற மாதிரி பாதி கிளட்ச்சில் நின்றிருந்தால் அந்த நொடியில் அந்த வண்டி எங்கே போயிருக்கும்?

எங்கேயும் போகவில்லை. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது!

இதை நான் சொர்ணாம்பாள் அம்மா சொல்லி மட்டும் சொல்லவில்லை. மொபெட்டில் இருந்த பெண்ணின் பெயர் பஹீமா. விஷயம் கேள்விப்பட்டு அவராகவே எங்கள் ஸ்கூலைத் தேடி வந்தார். "கார் ஒரு விரக்கடைகூட பின்னால வரலங்க. நான் கோவத்துல ஹாரன் அடிச்சேன். அந்தம்மா திரும்பி என் புள்ளயத்தான் பாத்தாங்க. அப்புறம் கார எடுத்தாங்க" என்றார். அவரும் இந்த மண்டபத்தில் இருக்கிறார்.

சொர்ணாம்பாள் அம்மா குனிந்து, தன் கையால் அக்காவின் காலைத் தூக்கிக் கிளட்ச்சிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். என்ன சொல்லிக்கொண்டே வைத்தார் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அக்காவிடம் படித்த எல்லோருக்கும் அது தெரியும்.

பிறகு அவர் என்ன செய்தார்? கத்தினாரா? வண்டியை விட்டு இறங்கி ஓடினாரா? வண்டியை எடுத்தார். கற்றுக்கொடுக்கப்பட்ட அதே முறையில் எடுத்தார். விளக்கைப் போட்டார், ஹாரனை அழுத்தினார், செகண்டு, தேர்டு என்று மாற்றி, ஆஸ்பத்திரி வாசல்வரை வண்டி ஒருமுறைகூட நின்றுபோகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார். டெஸ்டுக்கே இன்னும் போகாத ஒரு பெண், பக்கத்து சீட்டில் அப்படி ஒருவரை வைத்துக்கொண்டு, காலை நேரத்து ஸ்கூல் கூட்டத்துக்குள்ளே!

டாக்டர் என்னிடமும் தங்கப்பன் ஐயாவிடமும் சொன்னது ஒன்றுதான். பாலத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும், யார் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் மாறியிருக்காது. ஐயா, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். நீங்களே இதை மேடையில் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன். சொர்ணாம்பாள் அம்மா ஓட்டியதால் அக்கா சாகவில்லை. பயத்தினாலும் சாகவில்லை. தான் சொல்லிக்கொடுத்ததைத் தன் மாணவி சரியாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் போனார். யார் வேறு மாதிரி சொன்னாலும் அது பொய். நான் மறுக்கிறேன். இந்த மைக் முன்னால் நின்று மறுக்கிறேன். வெளியே டீக்கடையில் யாராவது சொன்னால் அங்கேயும் நின்று மறுப்பேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நான் ஓடவில்லை. வாசலில் அக்காவின் வெள்ளை வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆம்புலன்ஸ் வழியை மறிக்காமல் சுவர் ஓரமாக நின்றது. சக்கரம் நேராக இருந்தது. எட்டிப் பார்த்தேன். நிறுத்திவிட்டுப் போகும்போது இருக்க வேண்டியபடி ஃபர்ஸ்ட் கியரில் இருந்தது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. உதவி கேட்டுக் கதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடிய பெண் நிறுத்தின வண்டி அது. வேறு என்ன சான்றிதழ் வேண்டும் உங்களுக்கு?

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு அரசாங்கம் எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. சொர்ணாம்பாள் அம்மா அவர் வீட்டில் ஸ்டியரிங் பிடித்த முதல் பெண். அவருக்கு ஊர் கொடுத்தது ஒரு பழி. அன்றிலிருந்து அவர் வண்டியைத் தொடவில்லை. அவருடைய டெஸ்ட் தேதி இந்த வாரம் வருகிறது. போகமாட்டேன் என்கிறார். பூவத்தில் அவர் கணவர் மறுபடியும் சட்டை போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்காவுக்கு இரங்கல் கூட்டம் போட்டிருக்கிறோமே, இதைவிடப் பெரிய அவமானம் அக்காவுக்கு உண்டா?

காஜா பாய், நீங்கள் என் அப்பா வயதுக்காரர். அந்த அஞ்சு நிமிஷக் கணக்கைச் சொன்னது நீங்கள்தான். அக்கா போனதில் உங்களுக்கு என்னைவிட வருத்தம் குறைவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மண்டபத்துக்குள் வரும்போது வாசல் சரிவில் உங்கள் டாக்ஸி நிற்பதைப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் அக்கா மாதிரியே குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். கல் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது பாய்.

எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. தலையைக் குனிய வேண்டாம். அக்கா இருந்திருந்தால் பால் காய்ச்சக் கிளம்பியிருப்பார்.

இப்போது முடிக்கிறேன். வழக்கமாக இந்த இடத்தில் "அவர் விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம்" என்று சொல்வார்கள். எல்லோரும் சொல்கிறார்கள். நான் எப்படித் தொடரப் போகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கையில் இருப்பது வெள்ளை வண்டியின் சாவி. கூட்டம் முடிந்ததும் அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார் தங்கப்பன் ஐயா. வண்டியை வாங்க ஆள் வருகிறார்களாம். ஐயா, நான் ஒப்படைக்கப் போவதில்லை. நாளைக் காலை பெண்கள் வகுப்பு வழக்கமான நேரத்தில் கிளம்பும். காலை வகுப்பையும் நானே எடுக்கிறேன். வேண்டுமானால் என்னை வேலையை விட்டு நிறுத்துங்கள். அப்போதும் சாவியைத் தெட்சிணாமூர்த்தி அண்ணனிடம்தான் கொடுப்பேன். அவர் எடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அண்ணே, இப்போது பின்வாங்கக் கூடாது, எல்லோரும் பார்க்கிறார்கள்.

இன்னும் ஒன்று. முத்தமிழை நிரவியில் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி வாசலில் நிற்கிறது. முத்தமிழிடம் நேற்றே கேட்டேன், யார் ஓட்டட்டும் என்று. "அம்மாவக் கடைசியா கூட்டிட்டுப் போனவங்களே ஓட்டட்டும்" என்று சொன்னாள்.

சொர்ணாம்பாள் அம்மா, எழுந்து வாருங்கள். நான் இடது பக்கம் உட்காருகிறேன், அக்காவின் இடத்தில். எல் போர்டு மாட்டியிருக்கிறது. நிரவிக்குப் போய்விட்டு வரும்போது அதே ஏற்றம் வரும். அங்கே நிற்போம், முன்னால் பஸ் இல்லாவிட்டாலும் நிற்போம். பின்னால் யார் ஹாரன் அடித்தாலும் அடிக்கட்டும். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். காலை வீட்டுக்கு அனுப்புங்கள். மூச்சு விடுங்கள். பிறகு நிதானமாகக் கிளம்புவோம்.

டிக்கியில் செங்கல் இல்லை அம்மா. பார்த்துவிட்டேன்.

இந்தாருங்கள், சாவி.